எல்லை என்னுஞ் சொல்

எல்லை என்றவுடன் வரம்பு, முடிவு என்னும் பொருள்களே இன்று யாவர்க்கும் தோன்றுவன. சங்கச் செய்யுட்களிலோ அச்சொல் பகலையும் ஞாயிற்றையுங்கூடக் குறித்தது. ஒளியை உணர்த்தும் ‘எல்’ என்பதோடு அப்பொருள் இயைபுடையது. இரு பொருளும் ஒரு வேரினவோ என ஆராயப் புகின் அது தனிக் கட்டுரையாகும். ஈண்டு நோக்கத்தக்கது, நிலத்தின் எல்லையைக் கூறுமிடத்து விளிம்பு எவர்க்குரியதாகக் கருதப்பட்டது என்பதே.

8 ஆம் நூற்றாண்டிற் பல்லவமல்லனாகிய இரண்டாம் நந்திவர்மன் கொடுகொள்ளி என்னும் ஊரைப் பிரமதேயமாக அளித்தான். அதனைக் கூறும் காசக்குடிச் செப்பேட்டின் தமிழ்ப்பகுதி, அவ்வூரின் கிழக்கெல்லை பாலையூர் எல்லையின் மேற்கு என்கின்றது. ஒரே தொடரில் எல்லை என்னுஞ் சொல் இருமுறை வருதலைக் கூறியது கூறல் எனத் தள்ளுதல் பொருந்தாது. பாலையூருக்கு ஓரெல்லை, கொடுகொள்ளிக்கு மற்றோரெல்லை. இரண்டும் தொட்டு நிற்பினும் ஒன்றல்ல. அயலூரின் விளிம்பு கொடைக்குட் புகாது. அதன் மேற்கே தொடங்குவதே கொடைநிலம்.

நன்னூலார் ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, ஏது என்பவற்றோடு எல்லையையும் பொருளாக வகுத்தமை இவ்வழக்கோடு ஒத்துச் செல்கின்றது. ‘நல்லூரின் மேற்கு வண்ணார்பண்ணை’ என்புழி எல்லையாய் நிற்பது நல்லூர்; வண்ணார்பண்ணை அதனுள் அடங்காது. சோழர் சாசனங்களில் ‘வாய்க்காலுக்கு மேற்கு’, ‘கரைக்கு வடக்கு’ என நான்காம் வேற்றுமை பெருவரவிற்று. உருபு மாறினும் கருத்து மாறவில்லை.

சொல்லால் வரைந்த எல்லையை நிலத்திற் காட்டுதற்குப் பிடி சூழ்தல் என்னும் முறை இருந்தது. கடாரத்தரசன் பெயரால் நாகப்பட்டினத்தில் எழுந்த பௌத்தப் பள்ளிக்கு, முதலாம் இராசராசன் 1006 ஆம் ஆண்டளவில் ஆனைமங்கலத்தை அளித்த செய்தியை லெய்டன் பெருஞ்செப்பேடு கூறும். பெண்யானையைச் சுற்றி நடத்தி, அதன் வழியே கல்லும் கள்ளியும் நாட்டினர். கல்லை இரவிற் பெயர்த்துவிடலாம். வேரோடித் தழைத்த கள்ளியை அங்ஙனம் பெயர்த்து நடுதல் எளிதன்று.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் இத்தொடர் மிகச் சுருங்கிவிட்டது. கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு எனத் திசைகளை நிரலே கூறி, அவ்வத்திசையிலுள்ள காணியையோ ஒழுங்கையையோ சுட்டுவதோடு எழுத்து நின்றுவிடும். ‘எல்லையின் மேற்கு’ என்னும் அச்சிறு தொடர் மறையவே, இரண்டு விளிம்புகளும் ஒரு கோடாயின. அக்கோடு வேலிக்கு எப்புறம், கதியால் எவர்க்குரியது என்பனவே வேலி வழக்குகளில் எழும் வினாக்கள். இவற்றுக்கு உறுதியிற் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை.