ஐந்து மாடி, ஐந்து வில்லன்கள்

1972-ல் ஹாங்காங்கில் புரூஸ் லீ ஒரு படத்தைத் தொடங்கினார். ஐந்து மாடிக் கோபுரம். மாடிக்கு ஒரு காவலன். ஆளுக்கொரு சண்டை முறை. கீழே இருப்பவனை வீழ்த்தினால்தான் மேலே ஏற முடியும். பிலிப்பைன்ஸ் கம்புச் சண்டையில் தேர்ந்த டான் இனொசாண்டோ ஒரு மாடியில் நின்றார். உச்சியில் காத்திருந்தவர் ஏழடிக்கு மேல் வளர்ந்த கூடைப்பந்து வீரர் கரீம் அப்துல் ஜப்பார். இதற்கிடையே ‘எண்டர் தி டிராகன்’ வாய்ப்பு வரவே, லீ படப்பிடிப்பை நிறுத்திவிட்டுப் போனார். 1973 ஜூலை 20 அன்று இறந்தும் போனார். மாற்று நடிகர்களை வைத்து ஒப்பேற்றி, 1978-ல் வெளியான ‘கேம் ஆஃப் டெத்’ படத்தில் அவர் நினைத்த கோபுரக் கதை காணாமல் போயிருந்தது.

அந்தக் கோபுரத்தை ஐந்து மாடியும் குறையாமல் எழுப்பியவர் தகாஷி நிஷியாமா என்ற ஜப்பானிய கேம் வடிவமைப்பாளர்.

1984-ல் ஐரம் நிறுவனத்துக்காக அவர் உருவாக்கிய ஆர்கேட் கேமுக்கு ‘ஸ்பார்ட்டன் எக்ஸ்’ என்று பெயர். ஜாக்கி சானின் ‘வீல்ஸ் ஆன் மீல்ஸ்’ படத்துக்கு ஜப்பானில் வைத்த பெயர் அது. நாயகன் தாமஸ், கடத்தப்பட்ட சில்வியா ஆகிய பெயர்களும் அந்தப் படத்தில் இருந்தே வந்தன. ஆனால், மாடிமாடியாக ஏறும் கதை லீயுடையது. அமெரிக்காவில் இதே கேம் ‘குங்ஃபூ மாஸ்டர்’ ஆனது.

கையில் ஒரு ஜாய்ஸ்டிக், குத்துக்கு ஒரு பட்டன், உதைக்கு ஒரு பட்டன். நின்றும் குனிந்தும் எகிறியும் அடிக்கலாம். அடியாட்கள் இரண்டு பக்கமும் ஓடிவந்து தாமஸைக் கட்டிப்பிடிப்பார்கள். பிடி இருக்கும்வரை உயிர்க்கோடு கரைந்துகொண்டே போகும். ஜாய்ஸ்டிக்கை இடமும் வலமும் வேகமாக ஆட்டித்தான் உதற வேண்டும். உதை தூரம் எட்டும். குத்துக்கு எதிரியை நெருங்கவிட வேண்டும், ஆனால் அதற்கே புள்ளிகள் அதிகம். துணிந்தவனுக்குக் கூடுதல் கூலி என்ற இந்தக் கணக்கில்தான் நிஷியாமாவின் திறமை தெரிகிறது. ஒவ்வொரு மாடியின் முடிவிலும் ஒரு பெரிய வில்லன்: கம்புக்காரன், பூமராங் வீசுபவன், ராட்சதன், மந்திரவாதி, கடைசியில் மிஸ்டர் எக்ஸ். அவனையும் சாய்த்து சில்வியாவை மீட்டால், ஆட்டம் இன்னும் கடினமாகி முதல் மாடியிலிருந்து தொடங்கும்.

1985-ல் நிண்டெண்டோ இதை வீட்டு டிவிக்குக் கொண்டுவந்தது. அந்தப் பணியில் முன்நின்ற ஷிகேரு மியாமோட்டோவின் அடுத்த பெரும் படைப்பு, அதே ஆண்டு வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’. தொண்ணூறுகளில் இந்தியக் கடைகளில் விற்ற ‘டிவி கேம்’ பெட்டிகள் வழியாகத் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கும் தாமஸ் அறிமுகமானான். பிரெஞ்சு இயக்குநர் ஆக்னெஸ் வர்தா தன் 1988 படத்துக்கு இந்த கேமின் ‘குங்ஃபூ மாஸ்டர்’ என்ற பெயரையே சூட்டினார். படத்தில் வரும் சிறுவனுக்கு அதன்மேல் அவ்வளவு பித்து.

நிஷியாமா அடுத்து கேப்காம் நிறுவனத்துக்குப் போனார். அடியாட்கள் கூட்டத்தை விலக்கிவிட்டு, மாடி முடிவில் வரும் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டையை மட்டும் வளர்த்தெடுத்தார். 1987-ல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ பிறந்தது. பிறகு எஸ்என்கே நிறுவனத்தில் 1991-ல் ‘ஃபேட்டல் ஃப்யூரி’யைத் தந்தார். இருவர் எதிரெதிரே நின்று மோதும் ஒரு முழு வகைமைக்கே இந்த இரண்டும் தூண்களாயின.

குங்ஃபூ படங்களின் மீதான காதல் கேம் உலகில் இன்னும் வற்றவில்லை. பாரிஸின் ஸ்லோக்ளாப் நிறுவனம் 2022-ல் வெளியிட்ட ‘சிஃபு’வில், தந்தையைக் கொன்ற ஐந்து பேரைத் தேடிப் போகும் மாணவன் இருபது வயதில் தொடங்குகிறான். பாக் மெய் குங்ஃபூவில் தேர்ந்த ஓர் ஆசானின் துணையோடு அவனது அசைவுகளை அமைத்தார்கள். விழுந்தால் மந்திரத் தாயத்து அவனை எழுப்பும். விலையாக வயது ஏறும். தலை நரைக்க நரைக்க அடியின் வலு கூடும், உடலின் தாங்குசக்தி குறையும். எழுபதைத் தாண்டிய பின் விழுந்தால் தாயத்து எழுப்பாது.