விளக்கு எரியாத நெட்வொர்க் கார்டு

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மாமா கடையின் பழைய கணினியில் பல வருடத்து டேலி கணக்கு இருந்தது. அது படுப்பதற்குள் இன்னொரு பழைய கணினிக்கு மாற்ற, ராஜபாளையத்திலிருந்து கேபிளோடு போனேன். இரண்டையும் இணைத்தேன், கார்டில் விளக்கே எரியவில்லை. காரணம் தேடியதில் ஒரு வரலாறே கிடைத்தது.

1973-ல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் ஈதர்நெட்டுக்கு வித்திட்டார். 1980-களில் பரவிய மெல்லிய கோஆக்சியல் முறையில், டிவி கேபிள் போன்ற ஒரே கேபிள்தான் எல்லாக் கணினிகளையும் தொட்டுச் செல்லும். இரு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர் வேண்டும். ஒன்று கழன்றாலும் சிக்னல் எதிரொலித்து மொத்த நெட்வொர்க்கும் நின்றுவிடும். கோளாறை ஒவ்வொரு கணினியாகத் தேட வேண்டும்.

1990-ல் 10பேஸ்-டி தரம் வந்தது. ஒவ்வொரு கணினிக்கும் ஹப்பிலிருந்து தனிக் கேபிள். ஒரு கேபிள் அறுந்தால் ஒரு கணினிக்குத்தான் பாதிப்பு. ஆனால் ஹப் இல்லாமல் இரண்டை நேராக இணைத்தால், இரண்டும் ஒரே ஜோடிக் கம்பியில் அனுப்பும். இரண்டுக்கும் எதுவும் கேட்காது. அதற்கு 1, 2 கம்பிகளை மறுமுனையில் 3, 6-க்கு மாற்றிய கிராஸ் கேபிள் வேண்டும். பின்னால் வந்த ஜிகாபிட் கார்டுகள் பெரும்பாலும் இதைத் தாங்களே சரிசெய்துகொள்கின்றன.

கிராஸ் கேபிள் போட்டேன், விளக்கு எரிந்தது. கணக்கும் பத்திரமாக வந்துவிட்டது. பழைய கணினியை எடைக்குப் போடும் முன் ஒருமுறை கேபிளைப் பாருங்கள்!