மிகைமின்னோட்டக் காப்பு (ஹாம் வானொலிப் பெருக்கி)

ஹாம் அலைபரப்பியின் திறன் பெருக்கி அளவுமீறி மின்னோட்டம் இழுக்கும்போது அது கருகாமல் காக்கும் ஏற்பாடு. ஆன்டெனா பொருந்தாமை, டியூனிங் பிசகு, மிகையான உள்ளீடு ஆகியவை வழக்கமான காரணங்கள். 3-500இசட் கண்ணாடி வால்வில் ஆனோடு மங்கிய சிவப்பாகக் கனல்வது இயல்பே. பயப்பட வேண்டியது கிரிட் மின்னோட்டம் எகிறும்போதுதான். அங்கே வரம்பு மீறினால் ரிலே பெருக்கியை விலக்கிவிடும். உயர் மின்னழுத்தப் பாதையில் தொடராக 10 ஓம் கம்பிச்சுற்று மின்தடை ஒன்றும் வைப்பார்கள். வால்வுக்குள் பொறி பாய்ந்தாலும், 3,000 வோல்ட்டில் மின்னோட்டம் 300 ஆம்பியரைத் தாண்டாது. டிரான்சிஸ்டர் பெருக்கிக்கு ஃபியூஸை மட்டும் நம்ப முடியாது. அது உருகுவதற்குள் டிரான்சிஸ்டர் போய்விடும். சிறு மின்தடையில் மின்னோட்டத்தை அளக்கும் ஒப்பீட்டுச் சுற்று, மாஸ்ஃபெட் சுவிட்ச் வழியே 50 வோல்ட் வழங்கலைத் துண்டிக்கும். கையால் மீட்டமைக்கும்வரை அது பூட்டியே நிற்க வேண்டும்.