தம்புசாமிப் பிள்ளை: செல்வமும் செல்வாக்கும்

1867-ல் மூண்ட சிலாங்கூர் உள்நாட்டுப் போர் ஓய்ந்ததும் ஆங்கிலேயர் அதிகாரம் நுழைந்தது. 1875-ல் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற டேவிட்சனோடு சிங்கப்பூரிலிருந்து வந்தவர் காயாரோகணம் தம்புசாமிப் பிள்ளை. அதிகாரிகளின் அறிமுகம் தொழிலுக்குக் கைகொடுத்தது. தொழில் செல்வம் தந்தது. செல்வம் கோலாலம்பூர் சுகாதார வாரியத்தில் இடம் தந்தது.

1894-ல் லோக் இயூவோடு சேர்ந்து ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்சாரப் பம்பு ஓட்டினார். செலாயாங்கை அடுத்த பத்துமலையை முருகன் தலமாக்கியதும் அவரே. 1902-ல் மறைந்தார்.

ஆனால் தோட்டப் பாட்டாளிக்காக அரசாங்கத்திடம் பேச யார் இருந்தார்கள்? தனவந்தர் தயவில் கோயில் எழும்பியது, கூலி உயரவில்லை. அதற்கு 1941-ல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்களே வேலைநிறுத்தத்தில் இறங்க வேண்டியதாயிற்று. செல்வாக்கு கொடுத்ததை நன்றியோடு நினைப்போம். அது கொடுக்காததையும் மறவாதிருப்போம்.