புகை மணக்கும் கறுப்புப் பியரின் கதை

இம்மாதத் தலைப்பைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கக்கூடும். குடியால் நொந்த வீடுகள் எங்கள் மத்தியிலும் உண்டு. இது குடிக்கச் சொல்லும் பேச்சல்ல. நாங்கள் வாழும் இந்த நாடுகளில் ஒரு மணம் எப்படித் தொலைந்தது, அதை யார் தேடிப் பிடிக்கிறார்கள் என்பதே விடயம்.

செங்காலன் மடத்து நூலகத்தில், ஐந்து தோல் துண்டுகளைத் தைத்து அதன்மேல் வரைந்த வரைபடமொன்று இருக்கிறது. ஒரு மடம் எப்படி அமைய வேண்டும் என்று ஏறத்தாழ கி.பி. 820 அளவில் வரைந்தது. துறவிகளுக்கு ஒன்று, பெரிய இடத்து விருந்தினருக்கு ஒன்று, ஏழைகளுக்கும் யாத்திரிகர்களுக்கும் ஒன்று என்று அதில் பியர் காய்ச்சும் இடங்கள் மூன்று. தானியத்தை நெருப்பில் உலர்த்தவும் தனியிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். எங்கள் கதைக்கு வேண்டியது அந்த நெருப்புத்தான்.

பியருக்கு முதலில் பார்லியை நனைத்து முளைக்க விட்டு, பிறகு உலர்த்த வேண்டும். அப்படி உலர்ந்ததுதான் மோல்ட். வெயில் போதாத நாடுகளில் விறகு மூட்டித்தான் உலர்த்தினார்கள். புகை தானியத்தில் ஏறியது. ஊரில் வாழைக்குலையைக் குழியில் வைத்துப் புகை போட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. புகை மணம் அக்காலத்தில் ஒரு விசேடச் சுவை அல்ல, சாதாரண பியரே அப்படித்தான் மணந்தது.

17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கோக் எனும் கரியால் புகையின்றி உலர்த்தப் பழகினார்கள். பின்னர் சூடான காற்றால் மட்டும் உலர்த்தும் சூளைகள் வந்தன. 1817இல் டானியல் வீலர் என்பவர், மோல்ட்டைக் கோப்பிக்கொட்டை போல உருளையில் வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கறுப்பு நிறத்துக்கும் இனிப் புகை வேண்டாம் என்றாயிற்று. புகை மணம் ஒரு குறையாகிவிட்டது.

ஜேர்மனியின் பாம்பேர்க் நகரில் இரண்டு பழைய இடங்கள் மட்டும் இதை விடவில்லை. ஒன்று 1405இலேயே ஏடுகளில் பதிவான ஷ்லெங்கர்லா, மற்றது 1536இல் தொடங்கிய ஸ்பெட்சியால். நாங்கள் இங்கே அடுப்புக்கு வாங்கும் அதே பூஹன் விறகில்தான் ஷ்லெங்கர்லாவில் இன்றும் மோல்ட் உலர்த்துகிறார்கள். அவர்களிடம் புகை மோல்ட் சேர்க்காத வெளிறிய பியரும் உண்டு. அதே கிடாரங்களும் அதே ஈஸ்ட்டும் பயன்படுவதால் அதிலும் இலேசாகப் புகை மணக்கும்!

சுவிஸில் கதை வேறு. 1935இல் பியர்க் கம்பனிகள் கூடி ஒரு கார்ட்டெல் அமைத்தன. யார் எங்கே விற்பது, என்ன விலைக்கு என்பதெல்லாம் பேசி முடித்த விடயம். 80களில் வந்திறங்கிக் கோப்பை கழுவிய எங்களுக்குத் தெரியும், எந்த உணவகத்துக்குப் போனாலும் அதே மஞ்சள் பியர்ப் பெட்டிகளைத்தான் சுமந்தோம். 1991இல் கார்ட்டெல் உடைந்தபோது நாட்டில் மிஞ்சியிருந்த பியர்ச்சாலைகள் முப்பது சொச்சம். 2018இல் பதிவான எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. அவற்றில் பெரும்பாலானவை மிகச் சிறியவை. பல, வீட்டுக் குசினியில் ஒரு சருவத்தோடு தொடங்கியவை.

என்னோடு ஒரே சமையலறையில் நின்ற சுவிஸ்காரர் ஒருவரும் அப்படித் தொடங்கினார். பாம்பேர்க்கில் குடித்த கருங்கபிலப் பியரை அப்படியே வீட்டில் செய்வதுதான் அவர் ஆசை. முதல்முறை பாதிதான் புகை மோல்ட் போட்டார்; மணம் காணாமற் போய்விட்டது. அடுத்தமுறை, 20 லீற்றருக்கு 5 கிலோ அளவில் கிட்டத்தட்ட முழுவதும் புகை மோல்ட், நிறத்துக்கு ஒரு கைப்பிடி வறுத்த மோல்ட். 67 பாகைச் சுடுநீரில் ஒரு மணிநேரம் ஊறவைத்து வடித்து, ஹொப் பூப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்த்து 10 பாகைக் குளிரில் நிலவறையில் வைத்தார். எங்கள் கள்ளு அன்றன்றே பொங்கிவிடும். இதற்கோ வாரக்கணக்கில் பொறுமை வேண்டும்.

சொந்தப் பாவனைக்கு ஆண்டில் 400 லீற்றர் வரை வீட்டில் காய்ச்சினால் இங்கே பியர் வரி இல்லை. அவர் அந்த அளவுக்குக் கிட்டவும் போகவில்லை. ஒருநாள் மோல்ட் சாக்கைத் திறந்து என்னிடம் மணக்கத் தந்தார். கொப்பறா மணம் என்றேன். கொப்பறா என்றால் என்ன என்று கேட்டார். சிரட்டை நெருப்பில் தேங்காய் காயவைப்பதை விளக்கி முடிக்க அரைமணி நேரம் போனது.