ஓய்வு யோகத்தின் சென்னைப் பூர்வீகம்

சென்னையில் கே.கே. நகரைப் போன்ற பேட்டைகளில், மாடிப்படி ஏறி மூச்சிரைக்கிற வயதுக்காரர்களை உத்தேசித்து, வியர்வை சிந்தாமலும் கை கால்களை முறுக்காமலும், திண்டின் மேல் சாய்ந்தபடியோ சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுத்தபடியோ பத்து, பதினைந்து நிமிஷம் அசையாமல் கிடக்கச் சொல்லிக்கொடுக்கும் 'ரெஸ்டோரேடிவ் யோகா' என்னும் ஓய்வு யோக அப்பியாசம் சமீப காலத்தில் பிரசித்தி அடைந்து வருகிறது. அமெரிக்காவில் இருக்கும் மகனோ மருமகளோ சொல்லி அனுப்பி, இங்கே வந்து சேர்பவர்களும் உண்டு. ஆகையால் இது கடல் கடந்து வந்த புதுச் சரக்கு என்றே அநேகர் நினைக்கிறார்கள். அந்த எண்ணம் முழுவதும் பிசகு என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் அதன் வம்சாவளியைத் தேடிப் புறப்பட்டால், அது கே.கே. நகரிலிருந்து வெகு தூரம் இல்லாத மயிலாப்பூரைத் தொட்டுவிட்டுத்தான் மேலே செல்கிறது.

படுத்து இளைப்பாறுவதும் யோகமே என்பது புராதனமான அபிப்பிராயம். சுமார் 15ஆம் நூற்றாண்டில் ஸ்வாத்மாராமர் இயற்றிய ஹடயோக பிரதீபிகை, சவாசனத்துக்கு ஒரு சுலோகம் ஒதுக்கி, மல்லாந்து பிணம்போல் கிடப்பது களைப்பைப் போக்கி மனத்துக்கு ஓய்வு தரும் என்று கூறுகிறது. ஆனால் அந்நூல் பேசுவது மடத்தில் இருந்து சாதனை செய்யும் சாதகனிடம். ரத்த அழுத்தம் ஏறிய வக்கீலும், தூக்கம் வராத குடும்ப ஸ்திரீயும், இடுப்பு பிடித்துக்கொண்ட பென்ஷன்காரரும் அதன் கண்ணில் படவில்லை. அவர்களுக்காக ஆசனங்களை மாற்றி அமைக்கும் வேலை இருபதாம் நூற்றாண்டுக்குக் காத்திருந்தது.

அந்த வேலையைச் செய்தவர்களில் முதலில் சொல்லத்தக்கவர், 1888இல் சித்ரதுர்கா சீமையில் பிறந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார். மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், ஜகன்மோகன் அரண்மனையில் 1933இல் யோகசாலை ஏற்படுத்தி, ராஜ வம்சத்துப் பிள்ளைகளுக்கு அவர் போதித்தது ஓய்வு யோகம் அல்ல. ஒன்றன்பின் ஒன்றாக, மூச்சுக் கணக்குடன், பார்ப்பவர் பிரமிக்கும்படி துள்ளிச் செய்யும் கடுமையான அப்பியாசம் அது. நோயாளிகளுக்குத் தனியே சிகிச்சை அளிப்பதும் அப்போதே அவருக்கு வழக்கந்தான் என்றாலும், ஊர் அறிந்த பெயர் அந்தச் சிறுவர்களின் சாகசத்தால் வந்தது. 1940இல் மகாராஜா காலமானார். சுதந்திரத்துக்குப் பின் ஆதரவு சுருங்கியது. 1950இல் யோகசாலை மூடப்பட்டது. அறுபது வயது கடந்த நிலையில், பாரிசவாயு கண்ட பிரபல சட்ட நிபுணர் ஒருவருக்குச் சிகிச்சை செய்ய அழைக்கப்பட்டு, 1952இல் கிருஷ்ணமாச்சாரியார் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியிலும் போதனை செய்தார்.

இந்தக் குடிபெயர்ப்பின் முக்கியத்துவத்தை யோக சரித்திரம் எழுதுவோர் போதிய அளவு கவனிப்பதில்லை என்பது என் எண்ணம். மைசூரில் மகாராஜாவின் உத்தரவுக்குக் கட்டுப்பட்ட இளம் சரீரங்கள் கூட்டமாக அவர் முன் நின்றன. சென்னையிலோ, கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் அடுக்களைக்கும் நடுவில் ஒழிந்த நேரத்தில், ஒவ்வொரு வியாதியைச் சுமந்துகொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். இளம் பிள்ளையைப் போல் இவர்களை வளைக்க இயலாது. ஆகவே நாடி பார்த்து, ஆகாரம் விசாரித்து, முழங்காலை மடக்க முடியாதவருக்கு மடக்காமல் செய்யும் வகையையும், எழுந்து நிற்க முடியாதவருக்குப் படுத்தே செய்யும் வகையையும் தனித்தனியே வகுத்துக் கொடுக்கும் முறை அவரிடம் முதிர்ந்தது. ஆசனத்துக்கு ஆள் என்பது போய், ஆளுக்கு ஆசனம் என்றாயிற்று. தொண்ணூற்றாறு வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, சஸ்திர சிகிச்சை வேண்டாமென்று மறுத்துவிட்டு, படுக்கையிலேயே செய்யத்தக்க அப்பியாசத்தைத் தமக்குத் தாமே அமைத்துக்கொண்ட அவர், 1989இல் நூறு பிராயம் பூர்த்தியானவராகச் சென்னையிலேயே காலமானார்.

அவர் குமாரர் டி.கே.வி. தேசிகாச்சார் எஞ்சினீயரிங் படித்தவர். தகப்பனாரின் வித்தையில் ஆதியில் அவருக்கு நாட்டம் இல்லை. ஒரு நாள் காலை வீட்டு வாசலில் கார் வந்து நிற்க, அதிலிருந்து இறங்கிய நியூஸிலாந்துப் பெண்மணி ஒருவர், ஆசாரசீலரான கிருஷ்ணமாச்சாரியாரைக் கண்டதும் ஆனந்தம் தாங்காமல் கட்டிக்கொண்டதைப் பார்த்து மகன் திகைத்துப் போனார். நெடுநாளாகத் தூக்கம் இன்றித் தவித்த தமக்கு, முந்தின இரவு மாத்திரை இல்லாமலே உறக்கம் வந்துவிட்டது என்பதைச் சொல்லத்தான் அந்த அம்மாள் ஓடி வந்திருந்தார். அறுபதுகளின் தொடக்கத்தில் நிகழ்ந்த அந்தச் சம்பவமே தம்மை உத்தியோகத்தை விடுத்துத் தந்தையிடம் சிஷ்யராகச் செய்தது என்று தேசிகாச்சார் சொன்னதுண்டு. வீட்டு வசதி வாரியம் கே.கே. நகரை உருவாக்கிய அதே எழுபதுகளில், 1976இல், அவர் தந்தையின் பெயரால் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தை ஸ்தாபித்தார். மந்தைவெளியில் இன்றும் அது நடந்து வருகிறது.

மற்றொரு கிளை பூனாவில் வளர்ந்தது. கிருஷ்ணமாச்சாரியாரின் மைத்துனரும் மைசூர் மாணவருமான பி.கே.எஸ். ஐயங்கார், பால்யத்தில் மலேரியா, டைபாய்டு, க்ஷயம் ஆகிய மூன்றினாலும் நலிந்தவர். 1937இல் பூனாவுக்கு அனுப்பப்பட்டு அங்கேயே நிலைத்த அவர், நாளடைவில் மரக்கட்டை, பட்டை, சுவர்க் கயிறு, மடக்கு நாற்காலி, மடித்த கம்பளி, திண்டு ஆகியவற்றையெல்லாம் ஆசனத்துக்குத் துணைக்கருவிகளாக ஆக்கினார். உடம்பு எட்டாத இடத்துக்குக் கருவியை எட்டவைத்துத் தசையைப் பிரயாசையிலிருந்து விடுவிக்கும் இந்த உபாயமே இன்றைய ஓய்வு யோகத்தின் அஸ்திவாரம். கிருஷ்ணமாச்சாரியார் சென்னைக்கு வந்த அதே 1952இல், வயலின் மேதை யெஹூதி மெனுஹின் பம்பாயில் களைத்துப் போயிருந்த வேளையில் ஐயங்கார் அவரைச் சவாசனத்தில் கிடத்த, ஐந்து நிமிஷமே தருவதாகச் சொன்ன அந்த மேதை அயர்ந்து தூங்கிவிட்டார் என்பது பிரசித்தமான செய்தி. ஐயங்காரிடம் பயின்ற அமெரிக்கப் பெண்மணி ஜூடித் லாஸட்டர், இத்தகைய நிலைகளைத் தொகுத்து 1995இல் நூலாக வெளியிட்டபின் ஓய்வு யோகம் தனிப் பள்ளியாக உலகெங்கும் பரவியது. கடல் கடந்து வந்தது என்று சொல்வோர் இந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள்.

இதன் செயல்முறையைக் கிட்ட நின்று பார்த்தால் எளிமை விளங்கும். நீளவாக்கில் வைத்த திண்டின் ஒரு நுனி இடுப்பை ஒட்டி இருக்க, முதுகும் தலையும் அதன்மேல் சாய, பாதங்கள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டு முழங்கால்கள் பக்கவாட்டில் விழுகின்றன. விழும் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை, கண்ணுக்கு மேல் ஒரு துணி. இது சுப்த பத்தகோணாசனம். இலவம்பஞ்சுத் திண்டு இல்லாத வீட்டில் இரண்டு ஜமக்காளத்தைச் சுருட்டி வைத்தால் அதுவே போதும். ஆயிரக்கணக்கில் விலை சொல்லி விற்கும் உபகரணங்களைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. தொடையும் வயிறும் எதையும் தாங்கிப் பிடிக்க வேண்டாத நிலையில் மூச்சு தானே தாழ்கிறது, வெளிமூச்சு நீள்கிறது, அது நீள நீள, ஓடவும் சண்டையிடவும் நம்மை ஆயத்தப்படுத்தும் பரிவு நரம்புகளின் ஆதிக்கம் குறைந்து, ஜீரணத்தையும் இளைப்பாறுதலையும் பராமரிக்கும் எதிர்ப்பரிவு நரம்புகளின் கை ஓங்குகிறது. நாடித்துடிப்பு நிதானப்படுவது இதனால்தான்.

பலன்களைப் பற்றிக் கேட்பவருக்கு அளவோடு பேசுவதே நியாயம். தூக்கமும் மன இறுக்கமும் இதனால் சீர்படுவதாக அப்பியாசிகள் பலர் சொல்லக் கேட்கிறோம். சர்க்கரையும் கொழுப்பும் தொந்தியும் ஒருங்கே கூடிய வளர்சிதை மாற்றக் கோளாறு உள்ள 180 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தி 2014இல் வெளியான ஆராய்ச்சியில், சாதாரணத் தசைநீட்டல் பயிற்சி செய்தவர்களைவிட ஓய்வு யோகம் செய்தவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை சற்றே கூடுதலாகக் குறைந்தது. சற்றே என்ற சொல்லை அழுத்திப் படிக்க வேண்டும். அதே ஆராய்ச்சியில் ரத்தத்தின் டிரைகிளிசரைடு கொழுப்பு குறைந்தது மற்ற கோஷ்டியாருக்குத்தான். மாத்திரையை நிறுத்துவதற்கும், தினசரி நடையைக் கைவிடுவதற்கும் இதை ஒரு சாக்காக எடுத்துக்கொள்வது அவிவேகம்.

உடல் நலிந்தவர்களைக் கே.கே. நகர் நெடுங்காலமாக அறியும். தொழிலாளர் குடும்பங்கள் வந்து போகும் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும், கை கால் இழந்தவர்களைத் தேற்றும் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையமும் இங்கே இருக்கின்றன. யோகத்தையும் இயற்கை வைத்தியத்தையும் பட்டப் படிப்பாகக் கற்பிக்க 2000இல் தோன்றிய அரசுக் கல்லூரி அரும்பாக்கத்தில் இருக்கிறது. நலிந்தவர்கள் நாடி வரும் கே.கே. நகரில் முப்பது பேரை வரிசையாகக் கிடத்தி, எல்லோருக்கும் ஒரே திண்டு, ஒரே நிலை என்று நடத்தும் வகுப்புக்கும், கிருஷ்ணமாச்சாரியார் சென்னையில் பக்குவப்படுத்திய முறைக்கும் உள்ள தூரம் அதிகம். கர்ப்பத்தின் பிற்பகுதியில் உள்ள பெண் மல்லாந்து வெகு நேரம் படுக்கலாகாது. கண்ணில் நீரழுத்தம் உள்ளவர் தலையைத் தாழ்த்தும் நிலைகளை வைத்தியரைக் கேளாமல் செய்யலாகாது. பழைய இடுப்பு முறிவு உள்ளவருக்கு முழங்காலின் கீழ் இன்னும் ஒரு தலையணை வேண்டியிருக்கும். மந்தைவெளி யோக மந்திரத்தில் சிகிச்சையை நாடி வருபவரை முதலில் உட்காரவைத்து, வியாதியையும் ஆகாரத்தையும் வேலையையும் தூக்கத்தையும் விசாரித்துக் குறித்துக்கொண்ட பிறகே, அவருக்கென்று நாலைந்து அப்பியாசங்களைக் காகிதத்தில் வரைந்து கையில் கொடுக்கிறார்கள்.