சத்துமாவில் கருப்புத் துகளா, கருகல் வாடையா? மாவு மில்லின் கோளாறை நீங்களே கண்டறியலாம்

சென்னை நங்கநல்லூரில் வீட்டின் ஒரு அறையில் சிறிய தட்டு மில் வைத்து, முளைகட்டிய கேழ்வரகு மாவு அரைத்து விற்கும் மகளிர் குழுவினர் சென்ற கார்த்திகை மாதத்தில் என்னைத் தொடர்புகொண்டனர். மாவு நறநறப்பாக வந்தது, லேசான கருகல் வாடையும் அடித்தது. தட்டுகள் தேய்ந்துவிட்டன என்று மெக்கானிக் சொன்னதால் புதிய ஜோடி வாங்கி மாட்டினார்கள். ஒரே வாரத்தில் அதே வாடை திரும்பியது. வெள்ளைத் தட்டில் மாவைப் பரப்பிப் பார்த்தபோது நுண்ணிய கருப்புத் துகள்களும் தெரிந்தன.

போய்ப் பார்த்தபோது மில்லில் பெரிய பழுது எதுவும் இல்லை. மழை நாட்களில் மால்ட் சரியாகக் காயவில்லை. ஈரத் தானியம் தட்டுகளின் பள்ளங்களில் அப்பிக்கொண்டதால் மாவு மையாக விழவில்லை. மையாக வரட்டும் என்று திருகை இறுக்கினார்கள். இறுக்க இறுக்கத் தட்டும் தட்டும் உரசி, சூடும் இரும்புத் தூளும் மாவில் கலந்தன. அந்த மாவை வாங்குபவர்களில் பலர் 6 மாதம் கடந்த குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுபவர்கள். இதனால்தான் இதைச் சிறிய கோளாறு என்று ஒதுக்க முடியாது.

மாவில் குறை தெரிந்தால் உடனே திருகில் கை வைக்காதீர்கள். தானியம், தட்டு, தண்டு, மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள்.

1. முதலில் தானியம்

அரைக்கப் போகும் மால்ட்டின் ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஈரமானி இருந்தால் அளந்துவிடலாம். இல்லாவிட்டால் சில மணிகளைப் பல்லில் கடித்துப் பாருங்கள். 'நறுக்'கென்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் காய வேண்டும்.

உப்புச் சோதனையும் உண்டு. நன்கு உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தானியம் போட்டு, 2 தேக்கரண்டி உலர்ந்த தூள் உப்பு சேர்த்து ஒரு நிமிடம் குலுக்கிக் கால் மணி நேரம் வையுங்கள். பாட்டில் சுவரில் உப்பு ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, அரைக்கவே கூடாது. உப்பு ஒட்டவில்லை என்பதற்காக அரைக்கும் பக்குவம் வந்துவிட்டதாக எண்ண வேண்டாம், கடித்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

முளை வேரையும் நீக்க வேண்டும். காய்ந்த மால்ட்டைக் கையால் தேய்த்துப் புடைத்தால் வேர் தனியே பறந்துவிடும். வேரோடு அரைத்தால் மாவு கசக்கும். பஞ்சு போன்ற அந்த வேர் சல்லடையையும் அடைக்கும்.

களத்து மணலும் சிறு கல்லும் கேழ்வரகோடு வருவது வழக்கம். ஊறவைக்கும் முன்பே அரித்துக் கழுவிவிடுங்கள். தானியம் கொட்டும் தொட்டியில் வலுவான காந்தம் ஒன்றைப் பொருத்தினால் ஆணி, கம்பித் துண்டு போன்றவை தட்டுக்குப் போகாமல் தடுக்கும்.

2. தட்டும் இடைவெளியும்

தட்டு மில்லில் ஒரு தட்டு அசையாமல் நிற்கும், மற்றொன்று சுழலும். இடைவெளியைத் திருகு தீர்மானிக்கிறது. மில்லை ஓட்டும்போது தட்டுகள் விலகியே இருக்க வேண்டும். தானியம் விழத் தொடங்கிய பிறகு சிறிது சிறிதாக நெருக்க வேண்டும். தானியம் தீரும் முன் மீண்டும் விலக்கிவிட வேண்டும். வெறும் தட்டுகள் உரசி ஓடினால் விரைவாகத் தேயும்.

மேல்நாடுகளில் வீட்டில் பீர் வடிப்பவர்கள் பார்லி மால்ட்டை இரட்டை உருளை மில்லில் உடைப்பார்கள். வடிகட்ட உமி தேவை என்பதால் அது சிதையாதபடி உருளைகளின் இடைவெளியை ஏறக்குறைய 1 மில்லிமீட்டராக வைத்து, ஃபீலர் கேஜ் தகட்டால் அளப்பார்கள். நமக்கு வேண்டியது மை மாவு, எனவே அந்த அளவு பொருந்தாது. ஆனால் கண் மதிப்பில் விடாமல் இடைவெளியைக் குறித்து வைக்கும் பழக்கம் நமக்கும் வேண்டும். திருகில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, கேழ்வரகுக்கு எத்தனை சுற்று, கம்புக்கு எத்தனை சுற்று என்று நோட்டில் எழுதுங்கள்.

மாவு சூடாகவும் நறநறப்பாகவும் வந்தால் பற்கள் மழுங்கியிருக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்து, தட்டைக் கழற்றி, பல்லின் விளிம்பில் விரலை வையுங்கள். கூர்மை இல்லாமல் உருண்டிருந்தால் மாற்ற வேண்டும். இரண்டையும் ஜோடியாகவே மாற்றுங்கள். எமரி கல் மில் என்றால் கல்லைக் கொத்த வேண்டிய நேரம் அது.

மையும் குருணையும் கலந்து விழுந்தால் தட்டுகள் இணையாக இல்லை. போல்ட்டுகள் சமமாக இறுகியுள்ளனவா, தட்டின் பின்னால் பழைய மாவு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

புதுத் தட்டு மாட்டிய பிறகும், கல் கொத்திய பிறகும் முதலில் 2 கிலோ மலிவான நொய்யை அரைத்து வெளியே கொட்டிவிடுங்கள். அது மனிதருக்கும் வேண்டாம், கோழிக்கும் வேண்டாம்.

3. தண்டும் பேரிங்கும்

தட்டை மாற்றியும் குறை தீரவில்லையா? மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத் தண்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் போய்விட்டது. அந்த நிலையில் எந்தத் தட்டைப் போட்டாலும் ஒரு பக்கமே தேயும். பேரிங்குக்குக் கிரீஸ் வைத்த பின் வழிந்ததைத் துடைத்துவிடுங்கள், அது மாவில் கலக்கக் கூடாது.

4. சுத்தியல் மில்லும் சல்லடையும்

பல்வரைசர் எனப்படும் சுத்தியல் மில்லிலும், ஜாலி மாற்றும் வீட்டு மாவு மில்லிலும் நறநறப்பைத் தீர்மானிப்பது சல்லடைதான். மாவில் முழுத் தானியம் வந்தால் சல்லடை கிழிந்திருக்கும் அல்லது சரியாகப் பொருந்தாமல் இருக்கும். மாவு விழுவது நின்றால் சல்லடை அடைத்திருக்கும், அதற்குக் காரணம் பெரும்பாலும் ஈரமே. மில் அதிர்ந்தால் சுத்தியல்களின் எடை சமமாக இல்லை. எதிரெதிரே உள்ளவற்றைச் சேர்த்தே மாற்ற வேண்டும்.

5. பெல்ட்டும் மோட்டாரும்

ரப்பர் கருகும் வாடை வந்தால் பெல்ட் வழுக்குகிறது. நடுப்பகுதியைக் கட்டை விரலால் அழுத்தினால் சுமார் 1 சென்டிமீட்டர் உள்ளே போவது சரியான இறுக்கம். அதிகம் இறுக்கினால் பேரிங் கெடும்.

சிங்கிள் பேஸ் மோட்டார் முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் உடனே அணையுங்கள். அறைக்குள் தானியம் இறுகியிருக்கலாம், இல்லையென்றால் கெப்பாசிட்டர் போயிருக்கலாம். கெப்பாசிட்டரில் மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் மின்னூட்டம் இருக்கும், அதை எலக்ட்ரீசியன் பார்க்கட்டும்.

திரீ பேஸ் மில் ஓடுகிறது, ஆனால் தானியம் உள்ளே இழுபடவில்லை என்றால் சுழலும் திசையைப் பாருங்கள். வயரிங் வேலைக்குப் பின் இரண்டு பேஸ் மாறியிருந்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும்.

மூட்டை கட்டும் முன்

வலுவான காந்தத்தை மெல்லிய பாலிதீன் பையில் சுற்றி, ஒரு கிலோ மாவுக்குள் நிதானமாகக் கிளறுங்கள். பையின் மேல் கருந்தூள் ஒட்டினால் அன்றைய மாவை விற்காதீர்கள். தட்டு உரசுகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

மாவு கை தாங்கும் சூட்டுக்கு மேல் வரக் கூடாது. சூட்டோடு கட்டினால் பைக்குள் வியர்த்துக் கட்டி பிடிக்கும், பூஞ்சையும் வரும். பரப்பி ஆறவைத்தே கட்டுங்கள். கம்பு மாவில் கொழுப்பு அதிகம் என்பதால் அரைத்த சில நாட்களிலேயே கசக்கத் தொடங்கும். சூடாக அரைத்தால் இன்னும் விரைவாகக் கசக்கும். அதைத் தேவைக்கேற்ப மட்டும் அரையுங்கள்.

இதை மட்டும் மறக்காதீர்கள்

பெல்ட்டுக்கு மூடி இல்லாத மில்லை ஓட்டவே கூடாது. முந்தானையைச் செருகி, துப்பட்டாவைக் கழற்றி வைத்து, தலைமுடியை இறுகக் கட்டிய பிறகே சுவிட்சைத் தொடுங்கள். அடைப்பை நீக்க ஓடும் மில்லுக்குள் கையோ கரண்டியோ போகக் கூடாது. அணைத்தால் மட்டும் போதாது, மெயின் சுவிட்சையும் நிறுத்துங்கள்.

நங்கநல்லூர் குழுவினர் மால்ட்டை மீண்டும் காயவைத்து, உரசிய தட்டுகளைச் சுத்தம் செய்து, திருகை இரண்டு சுற்று தளர்த்தினார்கள். கொத்திய சில கிலோ நொய்யைக் கொட்டிய பின் காந்தத்தில் எதுவும் ஒட்டவில்லை. முன்பு அரைத்து வைத்திருந்த மாவை விற்கவில்லை. அந்த இழப்பு, ஒரு ஜோடி தட்டின் விலையைவிட அதிகம். மாவு நறநறப்பாக வந்த முதல் நாளே நாலு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்திருந்தால் இரண்டும் மிச்சமாகியிருக்கும்.

மதிப்புக்கூட்டல் பயிற்சிக்கும் இயந்திரம் தேர்வு செய்யவும் சென்னைச் சுற்றுவட்டார மக்கள் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். பிற மாவட்டத்தினர் தங்கள் பகுதி வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகவும்.